முதல் வரிக்கு ஓர் எண்

கண்ணு,

இந்தத் தாளின் முதல் வரியைக் காலியாக விட்டுவிட்டு, இரண்டாவது வரியிலிருந்து எழுதத் தொடங்குகிறேன். பழைய நோட்டிலிருந்து எடுத்த தாள்; ஓரமெல்லாம் மஞ்சளேறிவிட்டது. பிசிறு வராமல் ஸ்கேல் வைத்துத்தான் கிழித்தேன். பள்ளிக்கூடத்துப் பழக்கம், இத்தனை வருடமாகியும் போகவில்லை. முதல் வரி எதற்கென்று உனக்குத் தெரியும். நீ கேட்ட எண்ணை அங்கே எழுத வேண்டும். நீ படிக்கும்போது அது நிரம்பியிருக்கும். எழுதுகிற எனக்கு இப்போது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவிநாசியில் நான் ஏற்றிவிட்ட பஸ் உன்னை இன்னும் காந்திபுரத்தில் இறக்கியிருக்காத இந்த நேரத்தில், அது காலியாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டின்போது நடந்ததை உனக்கே திருப்பிச் சொல்வது வேடிக்கையாக இருக்கும். ஆனாலும் நான் பார்த்ததை எழுதி வைக்கிறேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பருப்புச் சோற்றைப் பிசைந்தபடியே நீ சொன்னாய்: "சிங்கப்பூர்ல வேலைக்குக் கூப்புடறாங்கப்பா. ரெண்டு வருசம். வர்ற புதன்கிழமைக்குள்ள பதில் சொல்லிப்போடோணும். நான் போகட்டுங்களா?" உங்கப்பா தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். "பாக்கலாம் கண்ணு," என்றார். நானும் உடனே, "சோறு ஆறிப்போகுது, மொதல்ல சாப்புடு," என்றேன். நீ கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டாய். "அப்பா, இது எந்தப் பாக்கலாமுங்க? சரிங்கற பாக்கலாமா, இல்லைங்கற பாக்கலாமா, இல்லாட்டி நெசமாவே பாக்கப்போற பாக்கலாமா?" உங்கப்பா மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவே இல்லை. கரண்ட் போய் அரைமணி நேரமாகியிருந்தது.

சிரிப்பு வந்தது எனக்கு, ஆனால் சிரிக்கவில்லை. உன் கேள்வி அவ்வளவு நியாயமானது. நம் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் பெரும்பாலும் இல்லை என்று அர்த்தம். சில நாள் சரி என்று அர்த்தம். என்றைக்காவது ஒரு நாள் நிஜமாகவே யோசித்துப் பார்க்கிறோம் என்றும் அர்த்தம். எது எதுவென்று நீ இருபத்து மூன்று வருடமாகக் குரலை வைத்தும், அப்பாவின் கண் போகிற திசையை வைத்தும் கண்டுபிடித்து வந்திருக்கிறாய். இன்றைக்கு அதுவும் பிடிபடவில்லை.

பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், மறந்துவிடக் கூடாதென்று. "அம்மா, எனக்கு நம்பர் வேணும். போக வேண்டாம்னா நானூத்தி மூணுன்னு சொல்லிருங்க. ஒரு நாள் அழுதுபோட்டு என்ற வேலையப் பாத்துக்குவேன். ஆனா மேல எரநூறுன்னு போட்டுட்டு உள்ளுக்குள்ள இல்லைன்னு மட்டும் எழுதிப்போடாதீங்க. அந்தத் தப்ப நான் ஒருக்கா செஞ்சு பட்டுட்டேன்." பக்கத்தில் சரம் கட்டிக்கொண்டிருந்த பூக்காரம்மா நாம் பஸ் நம்பர் பேசுகிறோம் என்று நினைத்து, "நானூத்தி மூணு இங்க நிக்காதுங்க அம்மணி," என்றார். நீ அழுகிற முகத்தோடு சிரித்தாய். நான் அந்த முகத்தோடுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.

அந்த எண்களை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். சித்திரையில் இரண்டு நாள் லீவில் வந்திருந்தாய். கூடத்தில் முறம் நிறையச் சின்ன வெங்காயத்தைக் கொட்டிவைத்து இருவரும் உரித்துக்கொண்டிருந்தோம். நான் கேட்டேன், "நீ அங்க என்னதான் கண்ணு வேலை பாக்கறே? கேக்கறவங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்னு சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு." வேறு யாராவது இருந்தால் உனக்குப் புரியாதும்மா என்று சொல்லியிருப்பார்கள். நீ கையைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்து சொன்னாய். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அவர்களிடம் துணி வாங்குகிறவர்கள் சிங்கப்பூரில். அங்கே உள்ள கம்ப்யூட்டர் இங்கே உள்ள கம்ப்யூட்டரை டெலிபோன் கம்பி வழியாகக் கேட்கும்: இந்த நிறத்தில், இந்த அளவில் துணி இருக்கிறதா, இருந்தால் எங்களுக்கென்று எடுத்துவை. இரண்டு பக்கமும் ஆள் கிடையாது. கேட்பதும் ப்ரோக்ராம், பதில் சொல்வதும் ப்ரோக்ராம். பதில் சொல்கிறதை எழுதியது நீ. "பதில்ல ரெண்டு பங்கு இருக்குதும்மா. மேல மொத வரியில மூணு இலக்கத்துல ஒரு நம்பர். அதுக்குக் கீழ வார்த்தை. வார்த்தை மனுசங்களுக்கு. மெசினு நம்பர மட்டும் பாத்துட்டுப் போயிரும்."

எனக்கு ஆசை வந்துவிட்டது. நோட்டை எடுத்து வந்து, வெங்காய வாசம் அடிக்கிற விரலோடு எழுதிக்கொண்டேன். இரண்டில் தொடங்கினால் கேட்டது நடந்தது. மூன்றில் தொடங்கினால் வேறு இடத்தில் போய்ப் பார், அல்லது உன்னிடம் இருப்பதே போதும். நான்கில் தொடங்கினால் கேட்டவர் பக்கம் பிசகு. ஐந்தில் தொடங்கினால் பதில் சொல்கிறவர் பக்கம் பிசகு. முதல் இலக்கத்திலேயே தப்பு யார் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது! நம் சொந்தக்காரர்கள் மூன்று தலைமுறையாகப் பேசித் தீர்க்காத விஷயம் அது. நானூற்று நான்கு என்றால் கேட்டது இங்கே இல்லை என்றாய். நான் சண்டைக்கு வந்தேன். "இல்லாததக் கேக்கறது கேக்கறவங்க குத்தமா? கடைக்குப் போயி உப்பு இருக்குதுங்களான்னா அது தப்பா?" நீ கொஞ்சமும் யோசிக்காமல், "உப்பு கேக்க நகைக்கடைக்குப் போயிட்டீங்கன்னு அர்த்தமுங்கம்மா," என்றாய். இருநூற்று நான்கு என்று ஒன்று சொன்னாய்: கேட்டது நடந்துவிட்டது, ஆனால் சொல்ல வார்த்தை எதுவும் இல்லை. அது மட்டும் எனக்குப் புரியவில்லை. நோட்டில் அதற்குப் பக்கத்தில் "வார்த்தையே இல்லாமல் எப்படிப் பதில்?" என்று கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

முந்நூற்று நான்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. போன தடவை பார்த்ததிலிருந்து ஒன்றும் மாறவில்லை என்று அர்த்தம். அன்றிலிருந்து நீ வாரத்துக்கு ஒரு முறை உங்கப்பாவின் மோட்டார் பட்டறைப் போனில் கூப்பிட்டதும் "முந்நூத்தி நாலும்மா" என்பாய். ஹாஸ்டல் சாப்பாடு அப்படியே இருக்கிறது, அறைத் தோழி குறட்டை விடுவது அப்படியே இருக்கிறது, நீ நன்றாக இருக்கிறாய். உங்கப்பா, "என்ன சொல்றா?" என்பார். "முந்நூத்தி நாலுங்க" என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மோட்டாரைப் பிரிக்கப் போய்விடுவார். அவருக்கும் அந்த ஓர் எண் தெரிந்துவிட்டது.

நீ செய்து பட்ட தப்பைப் பற்றி எழுத வேண்டும். ஏனென்றால் அதில் எனக்குப் பங்கு இருக்கிறது, அதை நான் உன்னிடம் இன்னும் சொல்லவில்லை. சிங்கப்பூர்க்காரர்கள் கேட்கிற நிறம் கைவசம் இல்லாவிட்டால் என்ன பதில் போக வேண்டும் என்று நீ எழுதினாயே, அதைப் படித்துக் காட்டினாய். இந்த நிறம் தற்சமயம் எங்களிடம் இல்லாமல் போனதற்குத் தயவுகூர்ந்து மன்னிக்க வேண்டும், தாங்கள் வேறு நிறம் பார்க்கும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம் என்று. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. வார்த்தைக்கு அவ்வளவு பாடுபட்ட நீ மேலே எண் எழுத மறந்துவிட்டாய். எழுதாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே இருநூறு என்று போட்டு அனுப்பிவிடுமாம். யாரும் வாய் திறக்காவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்கிறோமே, அதுபோல. அந்தப் பக்கத்து மெசின் உன் பணிவைப் படிக்கவில்லை. இருநூறு, சரி, துணி இருக்கிறது என்று குறித்துக்கொண்டது. மூன்று வாரம் இப்படியே போயிருக்கிறது. இல்லாத கருநீலத்தை எல்லாம் இருக்கிறதென்று நம்பி அவர்கள் காத்திருந்தார்கள்.

திருப்பூர் முதலாளி உங்கள் ஆபீசுக்கே வந்து நின்றாராம். நம் பக்கத்து ஆள், கோபத்திலும் மரியாதை போகவில்லை. "ஏனுங்க அம்மணி, இல்லாத நீலத்த இருக்குதுன்னு சொல்லிப்போட்டீங்களே, நான் இப்ப வானத்தக் கிழிச்சுத்தான் பனியன் தைக்கோணுமுங்களா?" உங்கள் அன்வர் சார் நல்ல மனிதர். ரேடியோக் கடை வைத்திருந்து, அதே மாடியில் கம்ப்யூட்டர் ஆபீஸ் தொடங்கி, உன்னை முதல் ஆளாக வேலைக்கு எடுத்தவர். உன்னைக் காப்பாற்ற நினைத்து உள்ளே கூப்பிட்டு, "லைன் சரியில்லைன்னு சொல்லிருவோம்மா. மழை பெஞ்சா லைன் போறது ஊருக்கே தெரியும். யாரும் கேக்க மாட்டாங்க," என்றார். நீ அப்போது சொன்னதை நீயாக என்னிடம் சொல்லவில்லை. உன்னைப் பார்க்க நான் ஆபீசுக்கு வந்த அன்றைக்கு அன்வர் சார்தான் சொன்னார், காந்திபுரம் பஸ் இரைச்சலில் கத்திக் கத்தி. "உங்க பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? சார், அவங்க கேட்டது சரிங்க, பதில் சொன்ன நாமதான் தப்புங்க, இது நாலுல ஆரம்பிக்கிற தப்பில்ல, அஞ்சுல ஆரம்பிக்கிற தப்புங்கன்னுச்சு. அப்புறம் நேரா அவர்கிட்டப் போயி, ஐயா, தப்பு என்னோடதுங்க, இன்னைக்குப் பொழுதுக்குள்ள சரி பண்ணிருவேன், சிங்கப்பூருக்கும் நானே எழுதறேன்னுச்சு. நான் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டேன்மா. இருபது வருசமா யாவாரம் பண்றேன், ஒரு தடவகூட எனக்கு அது வாயில வந்ததில்ல." திருப்பூர்க்காரர், "அந்தப் புள்ளையே எழுதட்டுங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுது. இனி எனக்கு நிம்மதியாத் தூக்கம் வரும்," என்று சொல்லிப் போனாராம்.

அன்றைக்கு அந்த மாடிப்படியில் இறங்கும்போது என் கால் தரையில் படவில்லை கண்ணு. கீழே துணிக்கடையில் பொம்மைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தத் தப்பை ஒப்புக்கொண்டு நீ எழுதிய கடிதத்தைப் படித்த சிங்கப்பூர்க்காரம்மாதான் இப்போது உன்னைக் கூப்பிடுகிறார் என்று இன்றைக்குத் தெரிந்தது. மற்றவர்கள் எழுதினால் இரண்டு பக்கம் படித்த பிறகுதான் தப்பு யாருடையது என்று தெரியும், நீ முதல் வரியில் எழுதியிருந்தாய் என்றாராம்.

என் பங்கைச் சொல்கிறேன். உனக்கு ஆறு வயது. அடுத்த வீட்டு மாமா வந்து ஏணி இருக்கிறதா என்று கேட்டார். நீ வாசலில் நின்று, "இருக்குதுங்க, ஆனா ஆருக்கும் குடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாருங்க," என்றாய். முழுக்க நிஜம். நான் உன்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் தொடையில் கிள்ளினேன். "மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்லக் கூடாது. பாக்கலாமுங்க, அப்பா வந்ததும் கேட்டுச் சொல்றோமுங்கன்னு சொல்லோணும்," என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த மாமா மூன்று நாள் ஏணிக்கு நடந்தார். மூன்று நாளும் நீ, பார்க்கலாமுங்க, பார்க்கலாமுங்க என்று அழகாகச் சொன்னாய். நான் பெருமைப்பட்டேன். பதினேழு வருடம் கழித்து நீ எழுதிய ப்ரோக்ராமும் அதைத்தான் சொன்னது. அதை உன் தப்பு என்று எல்லோரிடமும் ஒப்புக்கொண்டாய். நான் கிள்ளிக் கற்றுக்கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை. உங்கப்பா பட்டறைக்குப் போய்விட்டார். நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். முதல் வரி இன்னும் காலி. உங்கப்பாவிடம் காலையில் கேட்டேன், "என்னங்க யோசிச்சீங்க?" என்று. "பாக்கலாம்," என்றார். நான் உன்னைப் போல எந்தப் பார்க்கலாம் என்று கேட்கவில்லை. எனக்கு உன் தைரியம் இல்லை. எப்போது அது போனது என்று எனக்குத் தெரியும், அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு வெங்காயம் உரிக்கும்போது நானூற்று ஒன்றுக்கும் நானூற்று மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேனே, நினைவிருக்கிறதா? நானூற்று ஒன்று, நீ யாரென்று சொல்லிவிட்டு வா. நானூற்று மூன்று, நீ யாரென்று தெரியும், ஆனாலும் அனுமதி இல்லை. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். வெங்காயம் கண்ணைக் கரிக்கிறதென்று நீ விசிறிவிட்டாய். எனக்கு நினைவில் வந்தது வேறு. அப்போது எனக்குப் பதினாறு வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அந்த வருடம் பாஸான ஒரே பெண். நூலகத்தில் இருந்த எல்லாப் புத்தகத்தையும் படித்துவிட்டு, மாட்டு வைத்தியப் புத்தகத்தையும் விடாமல் படித்தவள். கோயமுத்தூர் காலேஜில் பி.யூ.சி. சேரட்டுங்களா என்று எங்கப்பாவிடம் கேட்டேன். அவர் என்னை யாரென்று தெரியாதவர் இல்லை. என் மார்க்கைச் சந்தையில் நின்று எல்லோருக்கும் சொன்னவர். "பாக்கலாம் அம்மணி," என்றார். நான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். நான்கு நோட்டு வாங்கி, பழுப்புத் தாளில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, என் பெயரைப் பேனாவால் எழுதினேன். அதன் கீழே பி.யூ.சி. என்பதை மட்டும் பென்சிலால் எழுதினேன். உள்ளுக்குள் ஏதோ தெரிந்திருக்கிறது. ஆனி போனது, ஆடி போனது. யாரும் இல்லை என்று சொல்லவில்லை. தினமும் காலையில் தலை பின்னி, பொட்டு வைத்து, தயாராக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு நாள் அத்தை வந்து, மாப்பிள்ளை அவிநாசிப் பக்கம், மோட்டார் வேலை தெரிந்தவர் என்றார். அதுதான் எனக்கு வந்த பதில். எங்கப்பா கெட்டவர் இல்லை. நான் அழுவதை அவரால் பார்க்க முடியாது. அதனால் ஒரு நாள் அழ வேண்டியதை நான் இரண்டு மாதம் அழுதேன்.

அந்த நான்கு நோட்டில் ஒன்றில்தான் நீ அ, ஆ எழுதிப் பழகினாய். மீதி இருந்த தாள்களில் வெங்காய வாசத்தோடு உன் எண்களை எழுதினேன். அதற்கும் பிறகு மிஞ்சிய தாள் இது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்ததாகப் பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். காங்கேயத்திலிருந்து உன் மாமா. எண்ணெய் ஆலைக்காரர் வீட்டுப் பையன் ஜாதகம் விஷயமாக ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் ஆறு மாதமாகப் பார்க்கலாமுங்கண்ணா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். "என்னம்மா, அவுங்களுக்கு என்ன சொல்லட்டும்?" என்றார். என் வாய் அந்தப் பழைய சொல்லுக்குத் திறந்துவிட்டது. திறந்த வாயை மூடி, மறுபடி திறந்தேன். "இல்லீங்கண்ணா. ரெண்டு வருசத்துக்கு அவளுக்குக் கல்யாணப் பேச்சு வேண்டாமுங்க," என்றேன். "ஏம்மா, இப்படி மொட்டையா இல்லைங்கறே? எம்மேல கோவமா?" "கோவமில்லீங்கண்ணா. நீங்களும் அவுங்களும் காத்துட்டு இருக்க வேண்டாமுன்னுதானுங்க." உன் மாமா, "அதுஞ் சரிதான். பாவம், அவுங்களுக்கும் வேற எடம் வந்திருக்குது, நம்ம பதிலுக்குத்தான் நிறுத்தி வெச்சிருக்கறாங்க. சொல்லிப்போடறேன். புள்ள நல்லா இருக்கறாளா?" என்றார். "முந்நூத்தி நாலுங்கண்ணா," என்று சொல்லிவிட்டு, பிறகு விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

போனை வைத்தேன். நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஒருவருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். யாரும் செத்துப்போகவில்லை.

செவ்வாய்க்கிழமை, பொழுது சாய்கிற நேரம். இன்று காலை உங்கப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நானே பட்டறைக்குப் போனேன். ஒரு விவசாயி தண்ணீர் மோட்டாரை வண்டியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். உங்கப்பா மூடியைக் கழற்றி, உள்ளே மோந்து பார்த்து, நிமிர்ந்தார். "காயில் கருகிப்போச்சுங்க. இது ஓடாதுங்க. முழுசாப் பிரிச்சுப் புதுசாச் சுத்தோணும். மூணு நாள் ஆகும்." அவ்வளவுதான். அந்த மனிதர், "அப்படீங்களா, அப்ப மூணு நாளைக்குப் பக்கத்துத் தோட்டத்துல தண்ணி கேட்டுக்கறேன்," என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். முகத்தில் வருத்தம் இருந்தது, குழப்பம் இல்லை. நான் சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். எங்கிருந்து வந்ததோ, கேட்டுவிட்டேன். "ஏனுங்க, மோட்டாருக்கு இத்தன வெவரமாச் சொல்றீங்க. பெத்த புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? ஓடும்னா ஓடும்னு சொல்லுங்க. ஓடாதுன்னா ஓடாதுன்னு சொல்லுங்க. அவ அந்த ஆளாட்டம் அடுத்த வேலையப் பாப்பா." உங்கப்பா கையைத் துணியில் துடைத்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையைப் போட்டார். சாப்பாட்டைப் பிரிக்கவே இல்லை. கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

பகல் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை நான் இப்படிக் கேட்டதில்லை. உன்னிடம் போய் ஏதாவது கோபமாகப் பேசிவிடுவாரோ என்று பயந்தேன். முதல் வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே நானூற்று மூன்று என்று எழுத நேர்ந்தால் எந்தக் கையால் எழுதுவேன் என்று யோசித்தேன். நீ கேட்டபடி நேர்மையாக எழுத வேண்டும். ஆனால் அது உங்கப்பாவின் எண்ணாக இருக்குமே தவிர என்னுடையதாக இருக்காது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, என் எண் ஞாயிற்றுக்கிழமையே முடிவாகிவிட்டது என்று. பூக்காரம்மாவைப் பார்த்து நீ சிரித்தாயே, அப்போதே.

ஐந்தரை மணிக்கு உங்கப்பா வந்தார். கையில் ஒரு பெட்டி. புதுசு, கருநீலம், கீழே சக்கரம் வைத்தது. நம் வீட்டில் சக்கரம் வைத்த பெட்டியை யாரும் வாங்கியதில்லை. அதை என் முன்னால் நிறுத்தினார். பிடியைப் பிடித்து இரண்டடி உருட்டிக் காட்டினார். சக்கரம் சத்தமில்லாமல் ஓடுகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டார், மோட்டாரைக் கேட்பது போல. "என்னங்க இது?" என்றேன். அவர் கை கால் கழுவப் போய்விட்டார். திரும்பி வந்து, காலையில் பிரிக்காத சாப்பாட்டைப் பிரித்து, பேசாமல் முழுவதும் சாப்பிட்டார். நான் நோட்டைப் புரட்டி இருநூற்று நான்கைத் தேடி எடுத்தேன். கேட்டது நடந்துவிட்டது, சொல்ல வார்த்தை எதுவும் இல்லை. பக்கத்தில் நான் போட்டிருந்த கேள்விக்குறியை அடித்துவிட்டேன். சந்தேகம் தீர்ந்தது கண்ணு.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவரே பெட்டியைக் கொண்டுவருகிறார். ஹாஸ்டல் வாசலில் வைத்துவிட்டு, "சாப்புட்டயா கண்ணு?" என்று மட்டும்தான் கேட்பார். வேறு வார்த்தை எதிர்பார்க்காதே. அது முழுப் பதில். பெட்டியின் உள்பையில் இந்தக் கடிதம் இருக்கும். ஆக, அவர் பதில் வந்து சேர்ந்த பிறகுதான் என் பதிலை நீ படிப்பாய்.

போகிற இடத்தில் உன் பணிவை விட்டுவிடாதே. யாரோடு பேசினாலும் அந்த 'ங்க' உன் வாயில் இருக்கட்டும். அந்த ஊர்ப் பேச்சில் அதற்கு இடமில்லை என்றால் குரலிலாவது இருக்கட்டும். ஆனால் எண்ணை முதல் வரியில் எழுதிவிடு. பணிவை அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். இதை நான் உனக்குச் சொல்லவில்லை. நீ எனக்குச் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று காட்டுகிறேன். எனக்கும் சொல்லாமல் இருக்காதே. அங்கே உடம்பு சரியில்லை என்றால், மனம் சரியில்லை என்றால், போனில் முந்நூற்று நான்கு என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்தாதே. சரியான எண்ணைச் சொல். நான் ஒரு நாள் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

இந்தக் கடிதத்தை முதலிலிருந்து மறுபடி படித்தேன். எண் ஒன்று சொல்லி உள்ளே வேறொன்று எழுதியிருக்கிறேனா என்று வரி வரியாகத் தேடினேன். பயம் இருக்கிறது. கப்பலா, விமானமா, அங்கே மழையா, வெயிலா, யார் உனக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பார்கள் என்கிற பயமெல்லாம் இருக்கிறது. அது வெறும் பயம். இல்லை என்பதன் மறு பெயர் அல்ல. இதற்குள் ஒளிந்திருக்கிற 'வேண்டாம்' எதுவும் இல்லை. நான் சரிபார்த்துவிட்டேன்.

இனி முதல் பக்கத்துக்குப் போகிறேன். பழைய லேபிளில் பி.யூ.சி. என்று எழுதிய அந்தப் பென்சில் எங்கே போனதோ தெரியவில்லை, தேடவும் இல்லை. பேனாவில் புது மை ஊற்றியிருக்கிறேன். காலியாக விட்ட வரியில், நடுவில், பெரிதாக எழுதப்போகிறேன்: 200.

அம்மா